ஒரு வாரத்துப் பிள்ளைகள்

1948-இல் அமெரிக்காவில் பணியாற்றிய ஜெர்மானிய மனப்பகுப்பாய்வாளர் ஃப்ரீடா ஃப்ரொம்-ரைக்மன், மனச்சிதைவு நோயாளிகளுக்கான சிகிச்சை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளையை ஒதுக்கி, அன்பு காட்டாமல் வளர்த்த தாயே இந்த நோய்க்கு ஊற்று என்ற கருத்து அதில் இடம்பெற்றது. கட்டுரையை மறந்தவர்களும் அந்தக் கருத்தை மறக்கவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு, மகனையோ மகளையோ மனநல மருத்துவரிடம் அழைத்துப்போன எத்தனையோ தாய்மார்கள் அந்த அறைக்குள் குற்றவாளியாகத்தான் உட்கார வேண்டியிருந்தது. அதே 1948-இல் பிரிட்டனின் நகரங்களிலும் கிராமங்களிலும் சுகாதாரப் பார்வையாளர்களாக வேலைபார்த்த பெண்கள், இரண்டு வயதுப் பிள்ளைகள் இருந்த சில ஆயிரம் வீடுகளின் கதவைத் தட்டினார்கள். குழந்தை எப்போது உட்கார்ந்தது, எப்போது நின்றது, எப்போது நடந்தது, எப்போது பேசத் தொடங்கியது என்று கேட்டு, அச்சிட்ட படிவத்தில் குறித்துக்கொண்டு போனார்கள். மனச்சிதைவு நோய் பற்றிய எந்த யோசனையும் அந்தப் படிவத்தில் இல்லை. ஆனால் தாயைக் குற்றம்சாட்டிய கருத்தை 1994-இல் உரசிப்பார்க்க உதவியது அந்தப் படிவம்தான். மனநோயின் தொடக்கத்தைக் குழந்தைப் பருவத்தில் தேடிய வரலாற்றில் நம்பத்தகுந்த அறிவு பெரும்பாலும் இப்படித்தான் கிடைத்திருக்கிறது: நோய் வருவதற்கு முன்பே, நோயைப் பற்றி நினைக்காமலே, நோயாளி ஆகப்போகிறவர் ஆகாதவர் என்ற பேதமின்றி எல்லாரைப் பற்றியும் எழுதி வைத்த பதிவிலிருந்து.

மருத்துவமனையில் நோயாளியைக் கண்டு எழுதியவர்களின் கூர்மையைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மனச்சிதைவுக்கு ஆளானவர்களில் சிலர் சிறுவயதிலேயே ஒதுங்கியும் கூச்சத்தோடும் இருந்தார்கள் என்பதை ஜெர்மனியின் எமில் கிரேப்லின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்திருந்தார். ஆனால் அந்தக் கவனிப்பை எடைபோட ஒரு எண் தேவை: கூச்சத்தோடு ஒதுங்கியிருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் நலமாக வளர்ந்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தினார்கள்? மனநோய் மருத்துவமனையின் பதிவேட்டில் அவர்கள் வரவே மாட்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1954-இல் ஏறத்தாழ 1,48,000 பேர் மனநோய் மருத்துவமனைகளில் இருந்தார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வாசலுக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றி எதுவும் தெரியாது. இரண்டாவது சிக்கல் நினைவு. இருபத்திரண்டு வயது மகன் நோயுற்றுக் கிடக்கும்போது, அவன் எந்த மாதத்தில் நடந்தான், பள்ளியில் எப்படி இருந்தான் என்று தாயைக் கேட்டால், அவர் விடையைத் தேடுவது ஒரு காரணத்தைத் தேடும் மனத்தோடு. கவனிக்காமல் விட்ட காய்ச்சல், கீழே விழுந்த நாள், அடித்த அடி எல்லாம் பெரிதாகத் தெரியும். நலமாக இருக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் தாய்க்கு இவற்றை நினைத்துப் பார்க்கக் காரணமே இல்லை. இரண்டு தாய்மாரின் விடைகளையும் ஒப்பிட்டால் கிடைப்பது குழந்தைப் பருவங்களின் வேறுபாடு அல்ல, துயரத்தின் வேறுபாடு.

இதற்கு மாற்றாக வந்த பழக்கத்தை மருத்துவ மேதைகள் யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. பிரிட்டனில் சுகாதாரப் பார்வையாளர் என்ற வேலையின் வேர் 1860-களில் மான்செஸ்டர், சால்ஃபோர்ட் பகுதிகளின் ஏழைக் குடியிருப்புகளில் இருக்கிறது. சுத்தத்தையும் குழந்தை வளர்ப்பையும் சொல்லிக்கொடுக்க வீடு வீடாகப் பெண்களை அனுப்பும் வேலையாக அது தொடங்கியது. அரசு இதைக் கையிலெடுத்ததற்குப் பின்னால் போர்க்கவலை இருந்தது. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போருக்குச் சேர வந்த இளைஞர்களில் பலர் உடல்தகுதி இல்லாமல் திருப்பியனுப்பப்பட்டார்கள். நாட்டு மக்களின் உடல்நிலை சீர்கெடுகிறதா என்று ஆராய அமைக்கப்பட்ட குழு 1904-இல் அறிக்கை தந்தது. அந்த ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 150 பேர் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்தார்கள். 1907-இல் பிறப்பை 36 மணி நேரத்துக்குள் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்கும் சட்டம் வந்தது. செய்தி வந்தால் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். பார்த்ததை எழுத ஏடு வேண்டும்.

ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் அந்த ஏட்டை ஒழுங்குபடுத்தியவர் எதெல் மார்கரெட் பர்ன்சைட். மாவட்டத்தின் மருத்துவச்சிகளையும் சுகாதாரப் பார்வையாளர்களையும் மேற்பார்வையிட்ட இவர், 1911 முதல் ஒவ்வொரு குழந்தைக்கும் பேரேட்டில் ஒரு வரி ஒதுக்கச் செய்தார். பிறந்தபோது எடை எத்தனை பவுண்டு, தாய்ப்பாலா புட்டிப்பாலா, முதல் ஆண்டில் வந்த நோய்கள், ஒரு வயதில் எடை, எத்தனை பல் முளைத்திருந்தது என்பவை அந்த வரியில் அடங்கின. அந்த வேலையின் நோக்கம் அடுத்த ஆண்டு இறப்பைக் குறைப்பது மட்டுமே. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கரின் குழு அந்தப் பேரேடுகளைக் கண்டெடுத்து, 1911-க்கும் 1930-க்கும் இடையில் பிறந்த 5,654 ஆண்களின் இறப்புப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்தது. 1989-இல் வந்த முடிவு: ஒரு வயதில் 18 பவுண்டோ அதற்கும் குறைவாகவோ இருந்தவர்கள் இதயநோயால் இறந்த வீதம், 27 பவுண்டும் அதற்கு மேலும் இருந்தவர்களைவிட இரண்டரை மடங்குக்கும் அதிகம். இதயத்தோடு கதை முடியவில்லை. அதே பேரேடுகளை வைத்து 1995-இல் வெளியான ஆய்வு, பின்னாளில் தற்கொலை செய்துகொண்டவர்கள் முதல் ஆண்டில் மற்றவர்களைவிடக் குறைவாகவே எடை கூடியிருந்தார்கள் என்று காட்டியது. எடைதான் காரணம் என்று இதற்குப் பொருள் இல்லை. வறுமை, தொற்றுநோய், தாயின் மனச்சோர்வு, உடலின் இயக்குநீர்கள் என்று எதுவும் நடுவில் இருக்கலாம். ஆனால் தராசில் தொங்கிய ஒரு வயதுக் குழந்தையின் எடையை எழுதிய கைக்கு எதையும் நிரூபிக்கும் ஆசை இல்லை என்பதால், அந்த எண்ணை யாரும் வளைத்திருக்க முடியாது.

1946-இல் நடந்ததும் வேறொரு கவலையின் பிள்ளைதான். 1930-களில் பிரிட்டனின் பிறப்பு விகிதம், மக்கள்தொகையைத் தக்கவைக்கவே போதாத அளவுக்கு இறங்கியிருந்தது. 1936-இல் மக்கள்தொகை விசாரணைக் குழு தோன்றியது. 1944-இல் அரச ஆணையமே அமைந்தது. பெண்கள் குழந்தை பெறத் தயங்குவதற்குப் பிரசவச் செலவு காரணமா, மகப்பேறு வசதி யாருக்கு எட்டுகிறது என்று அறிய ஒரு கணக்கெடுப்பு முடிவானது. மகப்பேறு மருத்துவர்களின் அரசக் கல்லூரியும் சேர்ந்துகொண்டது. பொறுப்பேற்றவர் ஜேம்ஸ் டக்ளஸ் என்ற இளம் மருத்துவர். போர்க்காலத்தில் வான்குண்டுத் தாக்குதலில் காயம்பட்டவர்களைப் பற்றிய ஆய்வில் வேலைசெய்தவர். அவர் எடுத்த முடிவு எளிமையானது: 1946 மார்ச் 3 முதல் 9 வரை இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் நடந்த எல்லாப் பிரசவங்களும். அந்த வாரத்தில் 16,695 குழந்தைகள் பிறந்தன. 13,687 தாய்மாரைச் சுகாதாரப் பார்வையாளர்கள் நேரில் பார்த்துப் பேசினார்கள். பங்கீட்டு அட்டை நடைமுறையில் இருந்த காலம் அது. ஜூலையில் ரொட்டிக்கும் பங்கீடு வந்தது. மருத்துவருக்கு எவ்வளவு, மருத்துவச்சிக்கு எவ்வளவு, தாய்க்கும் பிள்ளைக்கும் துணிமணிக்கு எவ்வளவு, தள்ளுவண்டிக்கு எவ்வளவு, படுத்திருந்த நாட்களில் வீட்டு வேலையை யார் செய்தார்கள் என்று படிவம் கேட்டது. 1948-இல் புத்தகமாக வந்த விடைகள் வீட்டுப் பிரசவங்களில் வலிநிவாரணம் எவ்வளவு அரிது என்பதைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தன. அதோடு வேலை முடிந்திருக்க வேண்டும். டக்ளஸ் அந்தக் குழந்தைகளை விட மனமில்லாமல் 5,362 பேரைத் தொடர்ந்து பார்க்க முடிவுசெய்தார். இரண்டு வயதில், நான்கு வயதில் சுகாதாரப் பார்வையாளர். பின்னர் பள்ளி மருத்துவர், ஆசிரியர். எட்டு, பதினொன்று, பதினைந்து வயதுகளில் தேர்வுகள். எல்லாம் துளை அட்டைகளில் ஏறின. அவருக்குப் பின் மைக்கேல் வாட்ஸ்வொர்த், அவருக்குப் பின் டயானா கூ என்று கை மாறி, இன்று அந்த மனிதர்கள் எண்பதைத் தொடும் வயதிலும் ஆய்வு தொடர்கிறது. உறுப்பினர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அட்டை அனுப்பும் வழக்கமும் இதில் உண்டு. ஆய்வுக்கு மக்கள் அறுபது எழுபது ஆண்டுகள் இணங்கி நின்றதில் அந்த மரியாதைக்கும் பங்கிருக்கும் என்றே நினைக்கிறேன்.

முன்பே எழுதிய பதிவு என்ன செய்யும் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு மருத்துவமனைச் சேர்க்கை. 1951-இல் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்குத் தந்த அறிக்கை, தாயைப் பிரிந்த குழந்தையின் மனநலம் நிலையாகக் கெடும் என்ற அச்சத்தை உலகெங்கும் பரப்பியது. அடுத்த ஆண்டு, மருத்துவமனையில் விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றி ஜேம்ஸ் ராபர்ட்சன் எடுத்த படம் பார்த்தவர்களை உலுக்கியது. பெற்றோர் பிள்ளையைப் பார்க்கும் நேரத்தை அன்றைய மருத்துவமனைகள் கடுமையாகக் கட்டுப்படுத்தின. 1959-இல் மருத்துவமனைகளில் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழு அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொன்னது; அது சரியான பரிந்துரை. ஆனால் அந்தப் பிரிவு நீண்டகாலம் தடம் விடுகிறதா என்பதற்குச் சான்று தேவைப்பட்டது. 1975-இல் டக்ளஸ் தம் அட்டைகளைப் புரட்டி, ஐந்து வயதுக்கு முன் நீண்ட நாட்களோ பலமுறையோ மருத்துவமனையில் இருந்தவர்களிடம் பதின்வயதில் நடத்தைச் சிக்கலும் வாசிப்பில் பின்தங்கலும் அதிகம் என்று காட்டினார். உடனே மறுப்பு வந்தது: ஏழ்மையான, குழப்பமான வீட்டுப் பிள்ளைகள்தானே அடிக்கடி நோயுற்று மருத்துவமனைக்குப் போகிறார்கள்? நியாயமான மறுப்பு. 1976-இல் டேவிட் குவின்டனும் மைக்கேல் ரட்டரும் வேறு குழந்தைகளிடம் சோதித்தபோது, மீண்டும் மீண்டும் சேர்ந்தவர்களிடம் தொடர்பு உறுதியானது. வீட்டுச் சூழல் ஏற்கனவே கடினமாக இருந்தவர்களிடம் அது மேலும் வலுத்தது. ஒரே ஒருமுறை சில நாட்கள் தங்கியதற்கு நிலைத்த பாதிப்பு தெரியவில்லை. பிரிவு என்ற ஒற்றைச் சொல்லின் கீழ் கிடந்த பயம் இப்படித்தான் அளவுக்கு வந்தது. பிள்ளையை ஒரு வாரம் மருத்துவமனையில் விட நேர்ந்த எத்தனையோ தாய்மாருக்கு அந்த அளவு ஒரு விடுதலை.

மனச்சிதைவு பற்றிய சோதனைக்கு வருவோம். 1987-இல் ராபின் மரேயும் ஷான் லூயிஸும் பிரிட்டனில், டேனியல் வைன்பர்கர் அமெரிக்காவில், தனித்தனியே ஒரே கருத்தை முன்வைத்தார்கள். மனச்சிதைவு இருபது வயதில் திடீரென முளைப்பதல்ல. மூளையின் வளர்ச்சியிலேயே, மிக முன்பே, ஏதோ விலகல் நேர்ந்திருக்க வேண்டும் என்றார்கள். உண்மையானால் நோய் தெரிவதற்கு வெகுமுன்பே குழந்தையிடம் சிறு தடயங்கள் இருக்க வேண்டும். எங்கே தேடுவது? பீட்டர் ஜோன்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 1946-இன் பிள்ளைகளிடம் போனார்கள். தொடர்ந்து பார்க்க முடிந்த 4,746 பேரில், 16 வயதிலிருந்து 43 வயது வரை 30 பேர் மனச்சிதைவுக்கு ஆளாகியிருந்தார்கள். அந்த முப்பது பேரின் பழைய படிவங்களை மற்றவர்களின் படிவங்களோடு ஒப்பிட்டு 1994-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். முப்பது பேர் மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 மாதம் தாமதமாக நடக்கத் தொடங்கியிருந்தார்கள். பேச்சுக் கோளாறு அவர்களிடம் அதிகம். நான்கு வயதிலும் ஆறு வயதிலும் தனியாக விளையாடுவதை விரும்பியவர்கள் அவர்களில் அதிகம். எட்டு, பதினொன்று, பதினைந்து வயதுத் தேர்வுகளில் மதிப்பெண் குறைவு. பதின்மூன்று வயதில் பிறரோடு பழகுவதில் தன்னம்பிக்கை குறைவு. பதினைந்தில் பதற்றம் கூடுதல். முதல் தடயம் கிடைத்த இடம் 1948-இன் படிவம்: கைக்குழந்தை எழுந்து நடந்த மாதம்.

அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருக்கிறது. என் வாதத்துக்கு இடைஞ்சலானது என்பதால் அதை மறைக்கக் கூடாது. பிள்ளைக்கு நான்கு வயதானபோது சுகாதாரப் பார்வையாளர் தாயைப் பற்றியும் ஒரு மதிப்பீடு எழுதினார்: பிள்ளையைப் புரிந்துகொள்கிறாரா, நன்றாகக் கவனிக்கிறாரா என்று. சராசரிக்குக் கீழ் என்று மதிப்பிடப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளிடம் பின்னாளில் நோய் கணிசமாக அதிகமாக இருந்தது. ஃப்ரொம்-ரைக்மன் சொன்னது சரிதான் என்று இதைப் படிக்கலாமா? மூன்று காரணங்களால் படிக்க முடியாது. தாய்க்கே நோயின் சாயல் இருந்து, அது மரபு வழியாகப் பிள்ளைக்கும் வந்திருக்கலாம். அப்படியானால் வளர்ப்பும் நோயும் ஒரே வேரின் இரு கிளைகள். பேச்சு திருந்தாமல், தனியாகவே விளையாடும் பிள்ளையை வளர்க்கும் தாய் திணறுவது இயல்பு; ஒரு மணி நேரம் வந்துபோகும் அதிகாரிக்கு அந்தத் திணறல் திறமைக் குறைவாகத் தெரிந்திருக்கலாம். மூன்றாவது, ஏழை வீட்டுத் தாயை நடுத்தர வர்க்கக் கண்ணால் அளந்த மதிப்பீடாகவும் அது இருக்கலாம். நடந்த மாதத்தைப் போலத் தேதியிட்டுச் சொல்லக்கூடிய செய்தி அல்ல அது, ஒருவரின் கருத்து. பார்வை எப்படிப்பட்டது என்பதும் பதிவின் தரத்தில் சேரும். ருமேனியாவின் அநாதை இல்லங்களில் கண்டதுபோல் கடும் புறக்கணிப்பும் நடையையும் பேச்சையும் தாமதப்படுத்தும் என்று இங்கே ஒருவர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் 1946-இன் இந்த வீடுகள் அநாதை இல்லங்கள் அல்ல. வேறுபாடும் ஒரு மாதத்தைச் சற்றே தாண்டிய அளவு. அவ்வளவு சிறிய, அவ்வளவு முந்தைய, உடலின் அசைவிலும் பேச்சிலும் அறிவிலும் பரவிய வேறுபாட்டைத் தாயின் அன்புக் குறைவு என்ற ஒன்றால் விளக்க முயல்வதற்குச் சான்று எதுவும் துணை நிற்கவில்லை. நம் ஊரிலும் ‘வளர்ப்பு சரியில்லை’ என்ற தீர்ப்பு நோயாளியின் வீட்டு வாசலில் எளிதாக வந்து விழுகிறது. அந்தத் தீர்ப்பைச் சொல்பவர்கள் சொல்வது நோய் வந்த பிறகு.

முப்பது பேர் என்பது சிறு எண் என்ற மறுப்பும் உண்டு. ஒரே ஆய்வாக நின்றிருந்தால் அந்த மறுப்பு வெல்லும். பிரிட்டனில் 1958 மார்ச் 3 முதல் 9 வரை பிறந்த 17,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகள் பின்னாளில் மனச்சிதைவுக்கு ஆளானவர்களைச் சராசரியில் பிரித்துக் காட்டின. வடக்கு பின்லாந்தில் 1966-இல் பிறந்தவர்களிடம் நிற்கக் கற்றதில் தாமதம் தெரிந்தது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973-இல் பிறந்த 1,037 பேரிடமும் அசைவிலும் மொழியிலும் ஒத்த தடயங்கள் கிடைத்தன. வெவ்வேறு நாடு, வெவ்வேறு பத்தாண்டு, வெவ்வேறு படிவம். திசை மட்டும் ஒன்று. மனச்சிதைவுக்கு மட்டும் உரியதும் அல்ல இது. 1946-இன் பிள்ளைகளை 13 வயதிலிருந்து 53 வயது வரை மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பார்த்த இயன் கோல்மனின் 2007 ஆய்வில், அந்த அறிகுறிகள் விடாமல் தொடர்ந்தவர்கள் சராசரியில் பிறப்பெடை குறைந்தவர்களாகவும் நிற்கவும் நடக்கவும் தாமதித்தவர்களாகவும் இருந்தார்கள்.

முன்பதிவின் வலிமையை இன்னும் தெளிவாகக் காட்டுவது மணமுறிவு. பெற்றோர் பிரிந்த பிள்ளைகளிடம் மனச்சிக்கலும் படிப்பில் சறுக்கலும் அதிகம் என்பது எந்தக் கணக்கெடுப்பிலும் தெரியும். எனவே பிரிவே காரணம் என்று தோன்றும். 1958-இன் பிள்ளைகளை ஏழு வயதில் ஒருமுறையும் பதினொரு வயதில் மறுமுறையும் பார்த்திருந்தார்கள். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் சிலரின் பெற்றோர் பிரிந்தார்கள். ஆண்ட்ரூ செர்லினும் மற்றவர்களும் 1991-இல் சயின்ஸ் இதழில் காட்டியது இது: பிரிவுக்குப் பிறகு தெரிந்த வேறுபாட்டில் பெரும்பகுதி, முக்கியமாக ஆண்பிள்ளைகளிடம், ஏழு வயதிலேயே இருந்தது, அப்போது பெற்றோர் ஒரே கூரையின் கீழ்தான் வாழ்ந்தார்கள். ஓயாத சண்டையுள்ள வீட்டின் தழும்பைப் பிரிவின் கணக்கில் எழுதிவந்திருக்கிறோம் என்று இதற்குப் பொருள். பிரிவால் பாதிப்பே இல்லை என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிள்ளைக்காக எப்படியாவது சேர்ந்திருங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள், சேர்ந்திருந்த காலத்திலேயே பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

எல்லாரையும் பார்ப்பது என்ற கொள்கைக்கு நீண்ட ஆண்டுகள்கூடத் தேவையில்லை. 1964, 1965-இல் ரட்டரும் ஜாக் டிசார்டும் கிங்ஸ்லி விட்மோரும் இங்கிலாந்தின் வைட் தீவில் பத்து, பதினொரு வயதிலிருந்த எல்லாப் பிள்ளைகளையும் பற்றி ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் கேட்டார்கள். தேவைப்பட்டவர்களை நேரில் கண்டார்கள். அமைதியான கடலோரத் தீவு அது. அங்கும் நூற்றில் ஏறத்தாழ ஏழு பிள்ளைகளிடம் வாழ்க்கையை இடறவைக்கும் அளவு மனச்சிக்கல் இருந்தது. அவர்களில் மிகச் சிலரே மனநல மருத்துவரிடம் போயிருந்தார்கள். உள் லண்டனின் ஒரு பகுதியில் அதே கேள்விகளைக் கேட்டபோது எண்ணிக்கை இரட்டிப்பானது. வீட்டுச் சண்டை, நெரிசலான குடியிருப்பு, ஆசிரியர்கள் அடிக்கடி மாறும் பள்ளி ஆகியவற்றோடு அந்த வேறுபாடு பொருந்தியது. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள்.

இனி, கடினமான மறுப்பு. இவ்வளவு தெரிந்தும் ஒரு பிள்ளையைக் காட்டி, இவனுக்கு நோய் வரும் என்று சொல்ல முடிகிறதா? முடியாது, சொல்லவும் கூடாது. 1.2 மாதம் என்பது சராசரிகளின் வேறுபாடு. தாமதமாக நடந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்தால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே வாழ்ந்தவர்கள். தனியாக விளையாடும் பிள்ளையின் நெற்றியில் ஒரு பெயரை ஒட்டினால் அந்தப் பெயரே அவனுக்குச் சுமையாகும். அப்படியானால் இந்த அறிவால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நோய்ப்பரவலியலாளர் ஜெஃப்ரி ரோஸ் 1985-இல் எழுதிய கட்டுரை பதில் தருகிறது. ஆபத்து மிகுந்த சிலரைத் தேடிப்பிடித்துக் காப்பாற்றுவது ஒரு வழி. ஆனால் சிறிய ஆபத்துள்ள பலரிடமிருந்துதான் நோயாளிகளில் பெரும்பாலோர் வருகிறார்கள். எனவே எல்லாரின் நிலையையும் சற்றே உயர்த்துவது அதிகம் பேரைக் காக்கும் என்றார் அவர். மனநலத்துக்கும் இது பொருந்தும் என்பதை 1993-இல் அவரும் ஆண்டர்சனும் ஃபெலிசியா ஹப்பர்ட்டும் பிரிட்டிஷ் மக்களின் கணக்கெடுப்பைக் கொண்டு காட்டினார்கள். ஒரு மக்கள்குழுவின் சராசரி மன உளைச்சல் எங்கே நிற்கிறதோ, அதைப் பின்தொடர்ந்தே அங்கே நோயென்று சொல்லத்தக்க நிலையில் இருப்பவர்களின் எண்ணிக்கையும் அமைகிறது. கர்ப்பிணியின் உணவு, குழந்தையின் முதல் ஆண்டு எடை, நெரிசலில்லாத வீடு, நிலையான ஆசிரியர் ஆகியவை யாருக்கும் பெயர் ஒட்டாமல் எல்லாருக்கும் தரக்கூடியவை. மனநல மருத்துவரின் அறை இதனால் தேவையற்றுப் போகாது. அந்த அறைக்கு வரவேண்டியவர்கள் சிலராவது குறைவார்கள்.

இந்தியாவிலும் இந்த வழக்கம் நாம் நினைப்பதைவிட முன்பே வந்துவிட்டது. 1969-இல் டெல்லியிலும் வேலூரிலும் பிறப்பிலிருந்து குழந்தைகளைப் பின்தொடரும் ஆய்வுகள் தொடங்கின. குறைந்த எடையோடு பிறப்பது ஏன், பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்பவை அப்போதைய கேள்விகள். வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் எழுதிய அந்த எடையும் உயரமும், அந்தப் பிள்ளைகள் முப்பதை நெருங்கியபோது நீரிழிவும் இதயநோயும் யாருக்கு முந்திவருகின்றன என்று கேட்கப் பயன்பட்டன. இத்தகைய ஆய்வுக்குப் பணம் கேட்பவர்களிடம் ‘இதனால் ஐந்து ஆண்டில் என்ன தெரியும்?’ என்று கேட்பது அரசுகளின் இயல்பு. ஐந்து ஆண்டில் தெரிவது கொஞ்சம்தான். பர்ன்சைட்டின் பேரேட்டுக்கு எழுபது ஆண்டுகள் ஆயின. அதற்காக அன்று கூடுதலாகச் செலவானது மையும் தாளும், ஏற்கனவே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களின் நேரமும்தான்.

பதிவின் மீது இவ்வளவு நம்பிக்கை வைக்கும்போது, பதிவில் விடுபட்டவர்கள் பற்றிய கேள்வி இன்னும் கூர்மையாகிறது. டக்ளஸ் தொடர்ந்து பார்க்கத் தேர்ந்த 5,362 பேரில் இரட்டைப் பிள்ளைகள் இல்லை. உடலுழைப்புத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளில் நால்வருக்கு ஒருவரையே எடுத்தார். அதைக் கணக்கில் ஈடுசெய்து கொள்ளலாம். காலனி நாடுகளிலிருந்து மக்கள் பெருமளவில் குடியேறத் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு பிறந்தவர்கள் இவர்கள் என்பதால், இன்றைய பிரிட்டனின் முகமும் அந்த மாதிரியில் இல்லை. ஆனால் ஈடுசெய்யவே முடியாதது ஒன்று: மணமாகாத தாய்மாரின் பிள்ளைகள் அத்தனை பேரையும் விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்களைத் தேடித் தொடர்வது கடினம், அவர்களுக்கும் சங்கடம் என்பது அன்றைய நியாயமாக இருந்திருக்கலாம். விளைவு என்னவென்றால், அந்தச் சமூகம் யாரைப் பற்றி மிகக் கடுமையான தீர்ப்புகளைச் சொல்லியதோ, அவர்களைப் பற்றி மட்டும் தீர்ப்பைச் சோதிக்க எண் இல்லை. 1958-இன் கணக்கெடுப்பு அவர்களை விலக்கவில்லை. அந்தப் பிள்ளைகளைப் பற்றி 1971-இலும், அவர்களில் தத்துக் கொடுக்கப்பட்டவர்களைப் பற்றி 1972-இலும் இரண்டு புத்தகங்கள் வந்தன. மணமாகாத தாயோடு வளர்ந்தவர்கள் ஏழு வயதில் படிப்பிலும் நடத்தையிலும் பின்தங்கியிருந்தார்கள். அதே பிறப்பைக் கொண்டு, வசதியான வீடுகளுக்குத் தத்துப் போனவர்களோ நன்றாகவே வளர்ந்திருந்தார்கள். பிறப்பில் குறை இல்லை; குறை, அந்தத் தாய்மாருக்கு வீடும் வருமானமும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லாததில் இருந்தது.